கரவனுக்கு இடம் தேடின கதை

யூலையில் பிரான்சிலிருக்கிற அக்காவிடம் போகிறோம். கரவன், அதுதான் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீட்டுவண்டி, எடுத்துக்கொண்டு ஆர்டெஷ் ஆற்றுப்பக்கம் போவோம் என்றார் அத்தான், அதை நிறுத்தித் தங்குகிற முகாம் தேடுகிற வேலை மட்டும் கொக்குவில் விறாந்தையில் போனும் கையுமாக இருக்கிற என் தலையில்.

அங்கே முகாம்களுக்கும் 1 முதல் 5 வரை நட்சத்திரம் உண்டு. நான் அதைப் பார்த்து மயங்கிக் கிடக்க, அத்தான் கேட்டார்: "கரண்ட் எத்தனை அம்பியர் எண்டு பாத்தனீரோ?" நியாயமான கேள்விதான். முகாமில் ஒரு கரவனுக்கு 6 அம்பியர்தான் தருவார்கள் என்றால், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் வரும், 2,000 வாட் கேத்திலைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். அம்மாவோ ரைஸ் குக்கர் இல்லாமல் படலை தாண்டமாட்டா. ஆகவே 10 அம்பியர். அதிலும் சோறு வேகும்வரை தேத்தண்ணி கேட்கக்கூடாது.

அப்பாவின் முழங்காலுக்காகக் கழிப்பறைக்குக் கிட்ட ஓரிடம் பார்த்தேன்; மிகக் கிட்டவென்றால் இரவெல்லாம் கதவு அடிக்கிற சத்தம், அதனால் இரண்டு வரிசை தள்ளி, மரநிழலில்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் நீச்சல் குளம். அங்கே பல முகாம்களில் தொளதொள காற்சட்டையோடு இறங்க விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டின நீச்சலுடைதான். கீரிமலையில் சாரத்தோடு குதித்துப் பழகின அப்பா படத்தை ஒருதரம் பார்த்தார். "நான் கரையில இருக்கிறன்" என்றுவிட்டார்.