அரியாங்குப்பத்து மீனும் வாதா இலையும்

ஜனவரி 11, 2026

புது மீன் தொட்டிக்காக, மாடியில் கிடந்த கொய்யாக் கிளையை இன்று கீழே இறக்கினேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது பக்கத்து வீட்டு அக்காவின் கொய்யா மரம் முறிந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் அன்றைக்கு யார் மரத்தைப் பார்த்தார்கள்? தண்ணீர் வடிந்த பிறகு விறகுக்கு வெட்டிப் போட்டார்கள். அதில் கவட்டையும் கணுவுமாக இருந்த ஒன்றைக் கேட்டு வாங்கிவைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் வெயில் பட்டிருக்கிறது. கீறினால் உள்ளே பச்சை இல்லை, தட்டினால் கணீரென்கிறது.

மீன் தொட்டிக்குப் பச்சைக் கிளை ஆகாது, சாறு இறங்கித் தண்ணீர் கெடும். பால் வடிகிற மரங்களும் வேண்டாம். அரளி விஷம். வேம்பும் மீனுக்குச் சேராது. வீராம்பட்டினம் கடற்கரையில் அழகழகான கட்டைகள் ஒதுங்கும், கை பரபரக்கும், ஆனால் எல்லாம் உப்பு ஊறியவை. கொய்யா கெட்டி மரம், சீக்கிரம் மக்காது. பட்டையை உரித்துவிட்டேன்.

ஜனவரி 13

பழைய அண்டாவில் கிளையை இரண்டு மணி நேரம் வேகவைத்தேன். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. ஆறவைத்துத் தொட்டியில் போட்டால் மிதக்கிறது. சமையல் மேடையில் மிச்சமான கடப்பா கல்லோடு சேர்த்துக் கட்டலாம் என்று எடுத்தேன். அதற்கு முன் அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்புக் கல். தண்ணீரில் கிடந்தால் மெல்லக் கரைந்து சுண்ணாம்பு உப்பை ஏற்றி, தண்ணீரைக் கடினமாக்கும். இங்கே போர் தண்ணீரே போதுமான அளவு கடினம். கிரானைட் துண்டு நுரைக்கவில்லை, அதிலேயே நைலான் கயிறு போட்டுக் கட்டினேன்.

ஜனவரி 18

யாருக்காக இந்த ஏற்பாடு என்று எழுதிவைக்க வேண்டும்.

விரல் நீளம்கூட வராத ஒரு மீன் இருக்கிறது. வாய்க்காலிலும் குட்டையிலும் கரையோரப் புல்லுக்கடியில் ஒளிந்திருக்கும், வால் நுனி கூராக இருக்கும். சூடோஸ்ப்ரோமினஸ் குபானஸ் என்பது அறிவியல் பெயர். அந்தக் ‘குபானஸ்’ எது தெரியுமா? நம் அரியாங்குப்பம்! 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இந்த மீனை விவரித்தபோது, அது கிடைத்த இடமாக அரியாங்குப்பம் ஆற்றைக் குறித்தார். குப்பம் அவர்கள் எழுத்தில் கூபாங் ஆகி, அதிலிருந்து குபானஸ் வந்தது. அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் ரோமானியப் பானை ஓடுகளைப் பற்றிப் பேசுவார்கள். பக்கத்திலேயே ஓடுகிற அதே ஆறு ஒரு மீனுக்குப் பெயர் கொடுத்தது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. கேள்விப்பட்ட அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அந்த மீனை நீலக் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் வைத்த தொட்டியில் விட எனக்கு மனசில்லை. அதற்குப் பழக்கமானது மங்கலான தண்ணீரும் அடியில் மக்குகிற சருகும்தான். அதனால் ஆற்று மணலைக் கழுவி இரண்டு அங்குலம் பரப்பினேன். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். வாயளவு நிரப்பாமல் சுமார் 45 லிட்டர். மழைக்காலத்தில் டிரம்மில் பிடித்த தண்ணீர் இரண்டு பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு. சருகு தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடினத் தண்ணீரில் எத்தனை இலை போட்டாலும் நிறம்தான் மாறும், புளிப்பு ஏறாது. மழைத்தண்ணீர் கலந்தால்தான் இலை தன் வேலையைச் செய்யும்.

ஜனவரி 24

கிளைமேல் வெள்ளையாக, பஞ்சு மாதிரி வழவழப்பு படர்ந்திருக்கிறது. புதுக் கட்டை என்றால் இது வரும். பூஞ்சையும் பாக்டீரியாவும்தான், கெடுதல் இல்லை. வேலம்பாசியோடு ஒட்டிவந்த நத்தைகள் அதை மேய ஆரம்பித்துவிட்டன.

பிப்ரவரி 1

எங்கள் தெருமுனை வாதாமரம் இலை உதிர்க்கிறது. கடைகளில் பாதாம் இலை என்று பாக்கெட் போட்டு விற்பது இதைத்தான். காலையில் பெருக்குவதற்கு முன் போய் ஒரு பை நிறைய அள்ளினேன். தானாக விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். உதிர்ப்பதற்கு முன் மரம் இலையிலிருந்து சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, அந்தச் சமயத்தில்தான் இலை சிவக்கிறது. பறித்த பச்சை இலையில் சத்தெல்லாம் அப்படியே இருக்கும், தண்ணீரில் அழுகும்.

பிப்ரவரி 5

ஆசையில் தப்பு செய்துவிட்டேன். மூன்று நாள் காய்ந்த இலைகளில் இருபதை நேற்று ஒரே தடவையில் போட்டேன். பாதி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன, மொடமொடவென்று காயவில்லை. காலையில் தண்ணீர் கலங்கி, லேசான நாற்றம். நத்தைகள் அத்தனையும் கண்ணாடியில் ஏறித் தண்ணீருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. மக்குகிற வேகத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. மீன் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது. இலைகளை எடுத்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன், ஸ்பாஞ்ச் ஃபில்டரை வேகமாக ஓடவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு முதல் நத்தை இறங்கியது.

பிப்ரவரி 14

இந்தத் தடவை நன்றாகக் காய்ந்து பழுப்பான இலை. வாரம் நான்கு, அவ்வளவுதான். வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டால் தானே மூழ்குகிறது. கிளையின் கவட்டையில் இரண்டு தங்கின, மற்றவை மணலில். தண்ணீர் இளந்தேன் நிறம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, “என்னப்பா, தண்ணி மாத்தலையா?” என்றார். அவர் வீட்டுக் கொய்யாதான் என்று காட்டினேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 21

பாகூர் பக்கம் சம்பா அறுத்த வயல். வற்றிக்கொண்டிருந்த வாய்க்காலில் கொசுவலைத் துணியால் வாரினோம். வயல்காரர், “தம்பி, இத வச்சி கொழம்புகூட வைக்க முடியாதே” என்றார். ஆறு மட்டும் எடுத்துவந்தேன். பனையேறிக் கெண்டை மாதிரியே இதுவும் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடம் விட்டேன். ஃபில்டரை மெல்ல வைத்தேன், ஓட்டம் இதற்குப் பிடிக்காது. வாளியில் வெளிறிப்போயிருந்தவை ஒரு மணி நேரத்தில் சருகுக்குள் போய் நிறம் பிடித்தன. கண்ணில் ஒரு சிவப்பு.

மார்ச் 8

மிதக்கும் ஒரு வாதா இலையின் அடியில் நுரைக்கூடு! ஒரு பெண் மீன் ஏறக்குறைய கறுத்துவிட்டது, முட்டையிடும் நேரத்தில் அப்படித்தான் ஆகும். விழுகிற முட்டைகளை ஆண் வாயில் பொறுக்கிக்கொண்டுபோய் நுரையில் வைக்கிறது. மற்றவை அந்தப் பக்கம் வந்தால் துரத்துகிறது, அவற்றுக்கு ஒளிய கொய்யாக் கிளை இருக்கிறது. இன்றைக்கு டிபன் ஆறிப்போனது.

மார்ச் 15

குஞ்சுகள் நீந்துகின்றன. கண்ணும் ஒரு கோடும், அவ்வளவுதான் தெரிகிறது. இந்த அளவுக்குக் கடைத் தீனி எதுவும் நுழையாது. மக்கும் இலைமேல் பெருகியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத்தான் கொத்துகின்றன. பெரிய மீன்களில் ஐந்தைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினேன், தகப்பன் மட்டும் இன்னும் கூட்டடியில் நிற்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எண்ணினேன். முப்பத்தொன்று வரை வந்து, ஒரு சருகுக்குப் பின்னால் எண்ணிக்கை தப்பிவிட்டது.