‘நீர் கிறிஸ்து’ என்ற பதிலுக்குப் பிறகு

வியாழக்கிழமை மாலைகளில் சபையார் சிலர் ஒரு வீட்டில் கூடி வேதத்தை ஆராய்ந்து வருகிறோம். கடந்த மூன்று வாரங்களாக மாற்கு 8ஆம் அதிகாரத்தை விட்டு எங்களால் நகர முடியவில்லை. “நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்” என்று இயேசு கேட்க, “நீர் கிறிஸ்து” என்று பேதுரு பதிலளிக்கும் பகுதி அது. ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடமாகிவிட்ட பதில் என்பதால், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் முதல் வாரம் நான் நினைத்திருந்தேன்.

பாடத்தை நடத்தும் அண்ணன், ‘கிறிஸ்து’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ என்று மாற்றி உரக்க வாசிக்கச் சொன்னார். சில வசனங்களுக்குள்ளேயே ஒரு தடுமாற்றம் வந்துவிட்டது. இயேசுவின் பெயரில் ஒரு பகுதியாகவே இத்தனை ஆண்டுகள் நாங்கள் உச்சரித்துவந்த சொல், உண்மையில் ஒரு பட்டம். எபிரெயத்தின் ‘மேசியா’வுக்கு இணையான கிரேக்கச் சொல்தான் கிறிஸ்து, ‘மேசியா’ என்ற வடிவம் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரண்டே இடங்களில், அதுவும் யோவான் சுவிசேஷத்தில் மட்டும், வருகிறது. அந்திரேயா தன் சகோதரனிடம் சொல்வது ஒன்று, சமாரியப் பெண் கிணற்றருகே சொல்வது மற்றொன்று.

பழைய ஏற்பாட்டில் அந்தப் பட்டம், தலையில் எண்ணெய் ஊற்றி நியமிக்கப்பட்ட ஆசாரியர்களுக்கும் ராஜாக்களுக்கும் உரியது. தன்னைக் கொல்லத் தேடிய சவுலைக் குகையில் தனியே கண்டபோதும், அவர் கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்பதற்காகவே தாவீது கை ஓங்க மறுத்தார். இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்திருந்தோம். ஏசாயா 45ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசித்தபோதுதான் அறை அமைதியானது. அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்று அழைக்கப்படுகிறவன் கோரேஸ். கர்த்தரை அறியாத பெர்சிய ராஜா. அப்படியானால் பேதுரு அந்தச் சொல்லைச் சொன்ன நாளில், அவருடைய மனத்தில் எந்த உருவம் இருந்திருக்கும்?

கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றியதிலிருந்து யூத தேசம் ரோமாபுரியின் நிழலில் வாழ்ந்தது. அந்தக் காலத்து யூதப் பாடல் தொகுப்பு ஒன்று, அந்நியரை எருசலேமிலிருந்து துரத்தும் தாவீதின் குமாரனுக்காக ஏங்குகிறது. சாக்கடலருகே கும்ரானில் வாழ்ந்த யூதச் சமூகத்தாரோ ஆரோனின் வழியில் ஒருவர், இஸ்ரவேலின் வழியில் ஒருவர் என்று அபிஷேகம் பெற்ற இருவருக்காகக் காத்திருந்தார்கள். எதிர்பார்ப்பு ஒன்றல்ல, பல. ஆனால் அவற்றில் எதிலும் சிலுவைக்கு இடமிருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்கப்பட்ட இடத்தையும் நாங்கள் அதுவரை கவனித்ததில்லை. எர்மோன் மலையடிவாரத்தில் உள்ள பிலிப்புச் செசரியா, பான் என்ற கிரேக்கத் தெய்வத்தின் குகைக்குப் பேர்போனது. பெரிய ஏரோது ரோமப் பேரரசரான அகுஸ்து இராயனுக்கு அந்தப் பகுதியில் கோவில் கட்டினான், அவன் மகன் பிலிப்பு நகரத்தை விரிவாக்கி இராயனின் பெயரையே அதற்குச் சூட்டினான். இராயனுடைய பெயரைத் தாங்கிய ஊருக்குப் போகும் வழியில்தான், தலைசாய்க்க இடமில்லாத ஒருவரைப் பார்த்து மீனவர் ஒருவர் ‘நீர் கிறிஸ்து’ என்கிறார்.

அதற்குச் சற்று முன்னே பெத்சாயிதாவில் குருடன் ஒருவன் இரண்டு கட்டமாகப் பார்வை பெறுகிறான். முதல் தொடுதலுக்குப் பின், நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான்; மறுபடியும் இயேசு கைகளை வைத்த பிறகே தெளிவாகக் காண்கிறான். மாற்கு இந்தச் சம்பவத்தை இந்த இடத்தில் வைத்தது தற்செயலல்ல என்றே நான் நம்புகிறேன். பேதுருவின் பதில் சரியானது, ஆனால் அவர் இன்னும் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனுஷகுமாரன் பாடுபட்டுக் கொல்லப்படவேண்டும் என்று கேட்டவுடன் ஆண்டவரையே தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். சற்று நேரத்துக்கு முன் அறிக்கை செய்த அதே வாய்க்கு, “எனக்குப் பின்னாகப்போ சாத்தானே” என்ற மறுமொழி வருகிறது. சரியான பட்டத்தைச் சொல்லிவிட்டு, அதற்குள் தன் விருப்பத்தை வைத்திருப்பது எவ்வளவு எளிது என்பதை என் ஜெபங்களிலேயே நான் கண்டிருக்கிறேன். வேலைக்காகவும் வீட்டுக்காகவும் மன்றாடிய ஆண்டுகளில் ‘கிறிஸ்துவே’ என்று நான் கூப்பிட்டபோது, என் காரியத்தை முடித்துத் தருகிற ஒருவரைத்தான் கூப்பிட்டேன்.

மூன்றாம் வாரம் அண்ணன் எங்களை லூக்கா 7ஆம் அதிகாரத்துக்கு அழைத்துச் சென்றார். சிறையிலிருந்து யோவான் ஸ்நானன் ஆளனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்கிறார். யோர்தானில் கூட்டத்தாருக்கு முன் அவரைக் குறித்துத் துணிந்து பேசியவருக்கே அந்தக் கேள்வி எழுந்தது. குருடர் பார்வையடைகிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று இயேசு சொல்லியனுப்பும் பதில், ஏசாயாவின் வாக்குகளை நினைவூட்டுகிறது. நாசரேத்து ஜெபாலயத்தில் அவரே வாசித்த ஏசாயா 61இல் சிறைப்பட்டவர்களின் விடுதலையும் இருக்கிறது. சிறையில் இருக்கும் யோவானுக்கு அனுப்பிய பதிலில் மட்டும் அந்த வரி இல்லை. “என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்” என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. யோவான் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியரான ஓர் அக்கா இருக்கிறார். கணவரின் சுகத்துக்காக நாங்கள் எல்லோரும் உபவாசமிருந்து ஜெபித்தோம். சென்ற ஆண்டு கணவர் இறந்துபோனார். இந்த மூன்றாம் வாரம்வரை மேசியாவைப் பற்றிய விவாதங்களில் அக்கா அதிகம் பேசியதில்லை. அந்த மாலை, இடறலடையாதிருப்பதைப் பற்றிய அந்த வசனத்தை இன்னொரு முறை மெதுவாக வாசிக்கும்படி கேட்டார். அண்ணன் வாசித்தார். “அப்ப யோவானுக்கும் பதில் இப்படித்தான் வந்திருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, வேதாகமத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்து மூடினார். வரும் வியாழக்கிழமை, பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53ஆம் அதிகாரத்தை வாசிப்பதாக இருக்கிறோம். அன்று ஆரம்ப ஜெபத்தைத் தாமே செய்வதாக அக்கா சொல்லியிருக்கிறார்.