ஒரே எழுத்தாளரை முழுசாக வாசிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

ஒரு புத்தகம் பிடித்துப்போனதும் அதே சூட்டோடு அந்த எழுத்தாளரின் புத்தகங்களில் ஏழெட்டை அள்ளிக்கொண்டு வருவதுதான் இதில் எல்லாரும் செய்கிற முதல் தப்பு. பிரித்துப் பார்த்தால் இரண்டு புத்தகங்களில் பாதிக் கதைகள் ஒன்றாகவே இருக்கும். இன்னொன்று நான்கு பாக நாவலின் மூன்றாம் பாகமாக இருக்கும். ஆசைக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மற்றதெல்லாம் பட்டியல் போட்ட பிறகு.

பட்டியலுக்கு எல்லாரும் முதலில் போவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் 'ஆசிரியரின் பிற நூல்கள்' பக்கத்துக்கு. அதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பதிப்பகம் போட்ட புத்தகங்கள் மட்டுமே அதில் இருக்கும். பெரிய நூலகம் ஒன்றின் இணைய அட்டவணையில் ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடி, வருவதை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பெயர் ஒரே மாதிரி இருக்காது. முதலெழுத்து முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. ஸ போட்டு ஒன்று, ச போட்டு ஒன்று. புனைபெயர்கள் வேறு. புதுமைப்பித்தன் சொ.வி., ரசமட்டம், கூத்தன், நந்தன் என்றெல்லாம் எழுதியவர். அகதா கிறிஸ்டி 66 துப்பறியும் நாவல்கள் போக, மேரி வெஸ்ட்மாகாட் என்ற பெயரில் ஆறு நாவல்கள் எழுதியிருக்கிறார். துப்பறியும் வரிசையை மட்டும் முடித்துவிட்டு 'எல்லாம் படித்தாச்சு' என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆறும் பாக்கி.

தலைப்பும் ஏமாற்றும். கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' 1934இல் அமெரிக்காவில் 'மர்டர் இன் தி கலே கோச்' என்ற பெயரில் வந்தது. இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவதின் பத்தாம் பக்கத்தில் விழிக்கலாம்.

சிறுகதை எழுத்தாளர் என்றால் புத்தகத்தை எண்ணாதீர்கள், கதையை எண்ணுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு எக்ஸெல் ஷீட் போதும். ஒரு கதைக்கு ஒரு வரி. கதையின் பெயர், முதலில் வந்த இதழ், எழுதிய ஆண்டு, வெளிவந்த ஆண்டு, எந்தெந்தத் தொகுப்பில் இருக்கிறது, படித்த தேதி. இதோடு பலரும் விட்டுவிடுகிற ஒரு விவரம்: கதையின் முதல் வரி. இதழில் ஒரு தலைப்பிலும் தொகுப்பில் வேறு தலைப்பிலும் வந்த கதைகள் உண்டு. பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் இரண்டும் தனித்தனியாக நின்று கணக்கு தப்பும். முதல் வரியை வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டையர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆசிரியர் பிற்பாடு முதல் வரியையே திருத்தியிருந்தால் இதுவும் உதவாது, ஆனால் அது அபூர்வம்.

'தேர்ந்தெடுத்த கதைகள்', 'முழுத் தொகுப்பு' என்ற சொற்களை அட்டையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பதிப்புரையைப் படியுங்கள். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று சொல்லும் தொகுப்பாசிரியரைத்தான் நம்பலாம். ஒன்றுமே சொல்லாத பதிப்புரை என்றால் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். 'மூன்றாம் பதிப்பு' என்று போட்டிருந்தாலும் அது வெறும் மறு அச்சாக இருக்கலாம். நம் ஆட்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள். 'திருத்திய', 'விரிவாக்கிய' என்ற சொல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பழைய புத்தகத்தில் பத்து இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) இருக்கும். 2007 முதல் அது பதிமூன்று இலக்கம். முன்னால் 978 சேர்த்துவிட்டால் புது எண் வந்துவிடும் என்று தேடிப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் அதுவும் மாறும். பொதுவாக இருப்பது நடுவில் உள்ள ஒன்பது இலக்கங்கள்தான்.

ஆயிரம் பக்கத் தொகுப்பை வாங்கும் முன் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் கட்டுக் கட்டாக மடிந்து சின்னச் சின்ன வளைவுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் தையல் பைண்டிங். ஒட்டிய தாள்கள் நேர்கோடாகத் தெரிந்தால் பசை. பசை போட்ட குண்டுப் புத்தகத்தை நடுவில் பட்டென்று விரித்தால் முதுகு அங்கேயே வெடிக்கும். முன்னாலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பக்கங்களை மெல்ல அழுத்திக்கொண்டே நடுப்பக்கம் வரை வந்தால் வருஷக்கணக்கில் தாங்கும்.

எந்த வரிசையில் படிப்பது? சி.எஸ். லூயிஸ் எழுதிய 'நார்னியா' சிறுவர் நாவல் வரிசையில் ஆறாவதாக, 1955இல் வெளிவந்த நாவலை, கதைப்படி முன்னால் நடக்கிறது என்பதற்காகப் பிந்தைய பதிப்புகளில் முதல் எண் கொடுத்து அச்சிட்டார்கள். முதலில் வந்த புத்தகத்தின் ஆச்சரியமெல்லாம் அங்கே முன்கூட்டியே உடைந்துவிடுகிறது. அதனால் வெளிவந்த வரிசைதான் நல்லது என்பது என் கட்சி. ஆனால் முதல் புத்தகத்திலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். பலருடைய முதல் நூல் கை பழகாத காலத்தது. அங்கே தொடங்கினால் ஆசையே போய்விடும். பிடித்துப்போன புத்தகத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வந்த இரண்டைப் படித்துவிட்டு, பிறகு ஆரம்பத்துக்குப் போகலாம். மறைவுக்குப் பின் வந்தவை கடைசியில். காஃப்கா 1924இல் இறந்தார். முடிக்காமல் விட்டிருந்த 'விசாரணை' நாவலை அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் ஒழுங்குபடுத்தி 1925இல் வெளியிட்டார். எழுதிய ஆண்டும் வெளிவந்த ஆண்டும் ஷீட்டில் தனித்தனியாக வேண்டும் என்றது இதற்குத்தான்.

வாரத் தொடராக வந்த நாவல்களை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு கொக்கி இருப்பது அடுத்த இதழுக்காக. ஒரே நாளில் இருபது கொக்கி என்றால் யாருக்கும் சலிக்கும்.

காலக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். அந்த எழுத்தாளரின் பத்துப் பக்கத்தை மணி பார்த்துப் படியுங்கள். இருபது நிமிடம் ஆனால், தினம் நாற்பது நிமிடத்தில் இருபது பக்கம். 250 பக்கத்தில் பதினைந்து புத்தகம் என்றால் 3750 பக்கம், ஆறு மாதத்துக்கு மேல். இரண்டு புத்தகத்துக்கு ஒரு தடவை வேறொருவரை நடுவில் விடுங்கள். தொடர்ந்து நான்காவது வரும்போது உவமைகளும் முடிவுகளும் முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். எழுத்தாளர் மேல் கோபம் வரும். பாவம், அவர் அவற்றை வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு எழுதியவர்.

கடைசியில் நாலைந்து புத்தகம் எங்கேயும் கிடைக்காமல் நிற்கும். காப்புரிமை முடிந்தவை என்றால் இணையத்தில் தமிழ் மின்னூல்கள் தரும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல்கள் என்றால் 'நூலகம்' என்ற இணையத் தளம். அங்கேயும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பாதீர்கள். ஜவும் சவும், ஒற்று மிகுந்தும் மிகாமலும், முதலெழுத்தோடும் இல்லாமலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.