நாற்காலியை விட்டு இறங்கியவர்

நேற்றுப் பின்னேரம் திருகோணமலைக் கடற்கரையில் அப்பப்பாவோடு இருந்தேன். கதை காமராசரிடம் போனது. அவருக்கு இன்றைக்கும் 'காமராசர் ஐயா'தான்.

காங்கிரஸ் மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்று 1963இல் திட்டம் கொண்டுவந்தவரே முதலில் இறங்கிக் காட்டினார். 9 வருடத்துக்கு மேல் இருந்த முதலமைச்சர் நாற்காலி! அவரோடு சேர்த்து 6 முதலமைச்சர்கள், 6 மத்திய அமைச்சர்கள் விலகினார்கள். அடுத்த வருடம் காங்கிரஸ் தலைவர். நேருவுக்குப் பிறகு பிரதமராக சாஸ்திரி, 1966இல் இந்திரா. இரண்டு முறையும் ஆட்களோடு பேசிப் பேசி முடிவெடுக்க வைத்தவர் இவர்.

1967இல் சொந்த விருதுநகரிலேயே தோற்றார். அதைச் சொல்லும்போது அப்பப்பாவின் குரல் இறங்கிவிட்டது. எனக்கு அந்தத் தோல்வியைவிட, தானாக விட்ட பதவிதான் பெரிதாகத் தெரிகிறது. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.