கிரீன் பேயில் ஒரு பழைய ஆட்டத்தின் பஞ்சாயத்து

மில்வாக்கியிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் கிரீன் பே. ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அங்குள்ள லாம்போ ஃபீல்டு அரங்கிலோ எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. பங்கு வாங்கிய பொதுமக்களே உரிமையாளர்கள். அமெரிக்கக் கால்பந்தின் மீது எனக்குப் பெரிய பித்து இல்லை என்றாலும், 1967 டிசம்பர் 31 அன்று இங்கே மைனஸ் 25 டிகிரி குளிரில் பேக்கர்ஸும் டல்லாஸ் கௌபாய்ஸும் மோதிய ‘ஐஸ் பௌல்’ ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு படித்தும் ஆசை தீரவில்லை.

டிக்கெட் எடுத்து, அரங்கைச் சுற்றிக்காட்டும் குழுவில் சேர்ந்துகொண்டேன். வீரர்கள் ஓடிவரும் சுரங்கப் பாதையின் தரையில், பழைய பாதையின் கான்கிரீட் துண்டு ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நடக்கும்போது ஒலிபெருக்கியில் கூட்டத்தின் ஆரவாரத்தை ஓடவிடுகிறார்கள். மலிவான வித்தைதான், ஆனாலும் உடம்பு சிலிர்த்துவிட்டது. புல்லில் மட்டும் கால் வைக்க விடவில்லை.

தெற்கு எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பேக்கர்ஸ் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார்: “பார்ட் ஸ்டார் அன்று பிரமாதமாக ஆடினார் என்று சொல்வதெல்லாம் வெற்றி தந்த கடைசி ஒரு யார்டை வைத்துத்தான்.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பேக்கர்ஸின் தாக்குதலை நடத்தி, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஸ்டார்தான். எறிந்த 24 பந்துகளில் 14 சக வீரர்களின் கைசேர்ந்தன. 191 யார்டு, இரண்டு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). எதிரணியிடம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 1973இல் கொண்டுவந்த மதிப்பீட்டுச் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் 111.6 வருகிறது, உச்சமே 158.3தான். ஆனால் டல்லாஸ் வீரர்கள் எறியவிடாமல் எட்டு முறை அவரை வீழ்த்தி, 76 யார்டு பின்னுக்குத் தள்ளியது அந்தச் சூத்திரத்தில் இல்லை. அவர் நழுவவிட்ட பந்தை டல்லாஸின் ஜார்ஜ் ஆண்ட்ரீ எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன் போட்டதும் இல்லை. 14-0 என்றிருந்த ஆட்டம் 14-17 ஆனது.

மறுபக்கம், அதே குளிரில் டல்லாஸின் குவார்ட்டர்பேக் டான் மெரிடித் 25 முறை எறிந்து எடுத்தது 59 யார்டு. புல்லுக்கு அடியில் பதித்த வெப்பக் கம்பிகள் கைவிட்டதால் தரை உறைந்து கிடந்தது. இருவரையும் அந்தத் தரையில் நிறுத்திப் பார்க்காமல் எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது வீண் வேலை.

கடைசி யார்டைக் கழித்துவிட்டே நான் கணக்குப் பார்ப்பேன். 16 வினாடி மிச்சம், இடைவேளை கேட்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது. உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் சமன். ஸ்டார் தானே பந்தோடு பாய்ந்தார். சக வீரர்கள் ஜெரி கிரேமரும் கென் போமேனும் டல்லாஸின் ஜெத்ரோ புயூவைத் தள்ளி வழிவிட்டார்கள், 21-17. ஓர் அடி முன்னால் மடக்கியிருந்தால் அதே முடிவை இன்றுவரை முட்டாள்தனம் என்று திட்டியிருப்பார்கள்.

எனக்குச் சாட்சி அதற்கு முந்தைய 67 யார்டு. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாத நிலையில் ஸ்டார் ஐந்து முறை எறிந்தார், ஐந்தும் கைசேர்ந்தன. அதில் நான்கு, பின்வரிசை ஓட்டக்காரர்களான ஆண்டர்சனுக்கும் மெர்சீனுக்கும். எங்கே திரும்பப் போகிறோம் என்பது பந்தைப் பிடிப்பவனுக்குத் தெரியும், தடுப்பவனுக்குத் தெரியாது. பனியில் அந்த வித்தியாசமே போதும். இடப்பக்கம் தன்னைக் கவனிக்க ஆளில்லை என்று மெர்சீன் சொன்னதைக் கேட்டு, அங்கேயே எறிந்து 19 யார்டு எடுத்தார். எட்டு முறை விழுந்து எழுந்தவர், பதறாமல் களத்தைப் படித்திருக்கிறார்.

“அந்த எட்டு?” என்றார் பெரியவர், விடாமல். எத்தனை அவர் தவறு, எத்தனை முன்வரிசையின் தவறு என்று ஆட்டத்தின் படப்பதிவைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும் என்றேன். அவர் அசையவில்லை. “சரி, மெரிடித்துக்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று அடுத்ததை எடுத்தார். உணவகத்தில் பொரித்த சீஸ் துண்டுகள் ஆறிப்போகும்வரை அது ஓடியது.