“கோயில்ல காணோமே?”

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை ஊரை எழுப்புவது கோயில் மணிதான். முதல் மணி அடித்தால் குளிக்க ஓட வேண்டும். இரண்டாம் மணிக்குத் தெருவில் இறங்கியிருக்க வேண்டும். மூன்றாம் மணிக்குப் பெஞ்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆராதனை முடிந்த அரை மணி நேரத்தில் யாராவது நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். “ஏட்டி, கோயில்ல காணோமே, சொகமில்லியா?”

பதினைந்து வயதில் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், படிக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக எதிர்வீட்டுப் பெரியம்மா சுக்குக் கஷாயத்தோடு வந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். “என் விசுவாசம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது, இதுல இவங்களுக்கு என்ன?” என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. கஷாயத்தைக் குடிக்க வைத்தாள், அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்து 2009-ல் சென்னைக்கு வந்தோம். பெரிய சபை ஒன்றில் சேர்ந்தோம். ஞாயிறு காலையில் மட்டும் மூன்று ஆராதனை, நல்ல பாடல், நல்ல செய்தி. போவோம், வருவோம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், முதல் வருஷம் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் வருஷம் என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆப்பரேஷன், பதினொரு நாள் ஆஸ்பத்திரி. மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு ஞாயிறு போகவில்லை. மூன்றாம் ஞாயிறு நான் மட்டும் போய், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பாடி, ஜெபித்து, திரும்பி வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நாங்களும் அந்த இரண்டு வருஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சுக்கு வாசனை ஞாபகம் வந்தது.

கேட்டது கீழ்வீட்டு அக்காதான். தினமும் காலையில் ஃபிளாஸ்க்கோடு நான் ஆட்டோ ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் போவது இரண்டு தெரு தள்ளி, நாற்பது குடும்பம் உள்ள ஒரு சின்ன சபைக்கு. முன்பே விஷயம் தெரியாமல் போச்சே என்று வருத்தப்பட்டார்கள். அன்று சாயந்தரமே நான்கு பெண்களாக வந்தார்கள். கணவருக்குப் பிசியோதெரபி, எனக்கு ஆபீஸ், இதற்கு நடுவில் குழந்தை. மெதுவான குரலில் ஒரு கீர்த்தனை பாடினார்கள், ஜெபம் பண்ணினார்கள். அப்புறம் அதில் ஒரு அக்கா, அவர்களும் நம்ம பக்கம்தான், எழுந்து கையை நீட்டி, “சாவியக் குடும்மா, பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்” என்றார்கள். அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டு அடுப்பில் பால் மட்டும்தான் காய்ந்தது. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. யார் வீட்டுத் தூக்கு எது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில், ஆதிச் சபையார் நான்கு காரியங்களில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று இருக்கிறது. உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். அந்நியோந்நியம் என்பது மூலமொழியான கிரேக்கத்தில் ‘கொய்னோனியா’. வேறு சில இடங்களில் இதே சொல்லை ‘ஐக்கியம்’ என்று போட்ட நம் பழைய மொழிபெயர்ப்பு, இந்த இடத்தில் ‘அந்நியோந்நியம்’ என்கிறது. நாம் அந்தச் சொல்லைப் புருஷன் பெண்டாட்டிக்குத்தான் வைத்திருக்கிறோம். அந்நியோந்நியமாக வாழ்கிற வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் படுத்தால் மற்றவருக்குத் தெரியாமல் போகாது. சபையைப் பற்றிச் சொல்ல அந்தச் சொல்லைத் தேடி எடுத்தவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்கள் உண்டானதே அப்படித்தான். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர் போன முதலூர் 1799-ல் எழும்பியது. கிறிஸ்துவை விசுவாசித்ததற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக, தாவீது சுந்தரானந்தம் என்ற பிரசங்கியார் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றினார். முதல் ஊர் என்பதால் முதலூர். பிறகு ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்படுத்தி, துரத்தப்பட்டவர்களுக்கு இடம் வாங்க வழி செய்தார். நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கிறிஸ்தியாநகரம் என்று பெயர்ப்பலகையைப் பார்த்தாலே எங்கள் பக்கம் தெரிந்துவிடும். தனியாக இருந்து விசுவாசியாகத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் வந்து நின்ற அந்தக் கேள்வியின் வயது இருநூறு வருஷத்துக்கும் மேல்.

ஆச்சி வீட்டு அடுப்படியில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் பண்ணிவிட்டு அந்தப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் கை அளவு குறைந்து நான் பார்த்ததில்லை.

அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறுநாள் ஊர் முழுக்கத் தரையில் பந்தியில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரியும். எனக்கு முந்தின ராத்திரிதான் பண்டிகை. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் டியூப்லைட் கட்டி, பாய் விரித்து, சின்ன வெங்காயத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து உரிப்போம். எங்கள் ஆச்சிக்கும் அந்த எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் கிணற்றுப் பங்கு விஷயத்தில் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. எனக்குக் கஷாயம் கொண்டுவந்தபோதுகூட ஆச்சி இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். அந்த ராத்திரி பிந்தி வந்த பெரியம்மாவுக்கு ஆச்சி பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. பெரியம்மாவுக்குக் கண் எரிந்து, புறங்கையால் தேய்க்கத் தேய்க்க எரிச்சல் கூடிவிட்டது. ஆச்சி திரும்பிப் பார்க்காமலே தண்ணீர்ச் செம்பை அந்தப் பக்கம் நகர்த்தினாள். “கண்ணக் கழுவு.” அவ்வளவுதான் பேச்சு. கிணற்று வழக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் நடந்தது. ஆனால் மறுநாள் பந்தியில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் இருந்தார்கள்.

எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் பந்தி இப்படி ஒன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். நம் சபைகளுக்குள் ஜாதி பார்த்து உட்கார வைத்த காலம் உண்டு. அதை உடனே விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் சுற்றறிக்கை எழுத வேண்டியிருந்தது. இன்றைக்கு அது முழுக்கப் போய்விட்டதா என்று என்னைக் கேட்டால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது நம் வீடுகளில் முதலில் விசாரிப்பது என்ன என்று பாருங்கள் என்பேன். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர், பிற்பாடு தோர்ணக்கல் பிஷப் ஆனவர், 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகள் முன்னால் நின்று கேட்டதும் இதைத்தான். நீங்கள் தியாகம் செய்தீர்கள், தானம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். உதவி செய்கிறவர் வேறு, கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர் வேறு. அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு நாங்களும் சேர்ந்துகொண்ட அந்தச் சின்ன சபையில் கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரமாக ஒரு ஐயா உட்காருவார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி இல்லை. பெரிய எழுத்து வேதாகமம் வைத்திருப்பார். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் யாரோடும் பேசாமல் இறங்கிப் போய்விடுவார். போன வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், அந்த இடம் காலியாக இருந்தது. நான் பார்த்தேன். மகன் வீட்டுக்கு பெங்களூரு போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படியேதான் நினைத்திருக்கிறோம். நான்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில், விண்ணப்பங்கள் கேட்டபோது, ஒரு எட்டு வயதுப் பையன் எழுந்து, “ஜன்னல் தாத்தா எங்க?” என்றான். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலையில் போனோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கூட ஒரு ஆள் வைத்திருந்தார். வீடு எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிஷ நடை. தலைமாட்டில் அந்த வேதாகமம் இருந்தது. “யாருக்கும் தெரிஞ்சிருக்காது, பரவாயில்லம்மா” என்றார். குறையாகச் சொல்லவில்லை, எங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு உட்காரக்கூட முடியவில்லை.

இப்போது நானும் கீழ்வீட்டு அக்காவும் ஞாயிறு மத்தியானம் ஒரு சின்ன நோட்டில் அன்று வராதவர்கள் பெயரை எழுதி, சாயந்தரத்துக்குள் போன் போட்டுவிடுகிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. பதினைந்து வயதில் எனக்கும் பிடிக்கவில்லைதானே. இருந்தாலும் கூப்பிடுகிறோம்.

ஐயாவால் இன்னும் படி ஏற முடியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் அவர் வீட்டுக்கே போய் நற்கருணை கொடுக்கிறார், நாங்களும் கூடப் போகிறோம். முதல் தடவை போனபோது வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கி, கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நாங்கள் ஐந்து பேர்தான் போயிருந்தோம்.