டீச்சருக்கு என்ன கொண்டுபோவது?

டிசம்பர் 6, 2024, வெள்ளி

டீச்சர் போனில் கூப்பிட்டார். "கிறிஸ்மஸுக்கு மத்தியானம் இங்கதான் சாப்பாடு. வேற யாருட்டயும் ஒத்துக்கிடாத." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போன வருஷம் டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் நான் இருந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கூட வேலை பார்க்கும் அக்கா என்னைப் பாளையங்கோட்டையில் அவருடைய பெரியம்மாவான டீச்சர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். முன்பின் தெரியாத எனக்கு டீச்சர் ஒன்பது நாள் சோறு போட்டார். அந்தக் கிறிஸ்மஸுக்குப் பிரியாணி வைக்கவில்லை. "ஊரே தண்ணியில கெடக்கு" என்று சோறும் பருப்பும் ஆக்கினார். கறிக்கு எடுத்துவைத்த பணத்தில் பாயும் போர்வையும் வாங்கிச் சிந்துபூந்துறைக்குக் கொடுத்தனுப்பினார்.

இந்தத் தடவை வெறுங்கையோடு போக என்னால் முடியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

அக்காவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அல்வா கூடாது, சுகர் இருக்கிறது. சேலை எடுத்தால் பிரித்துக்கூடப் பார்க்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவார். மருமகன் வாங்கித் தந்த மிக்ஸி மூன்று வருஷமாகப் பெட்டியிலேயே இருக்கிறது. பூங்கொத்து கொண்டுபோன ஒருவரிடம், "செடியிலயே இருந்திருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருக்கும்" என்றாராம்.

எல்லாரும் அவரைத் திருப்திப்படுத்தவே முடியாது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். ஒவ்வொரு பிரிவுபசாரத்துக்கும் ஒரு கடிகாரம், ஒரு கண்ணாடி டம்ளர் செட் என்று வந்து சேர்ந்து, கண்ணாடி அலமாரி நிறைந்து கிடக்கிறது. கொடுத்தவர்கள் மனம் நோகக்கூடாதே என்று அத்தனையையும் தூசி தட்டி வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்கு இன்னொரு சாமான் வேண்டாம்.

டிசம்பர் 11, புதன்

ஆபீஸ் விட்டு அப்படியே டீச்சர் வீட்டுக்குப் போனேன். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிரியாணிப் பேச்சு வந்தது. "என்னத்த பிரியாணி! அலுமினியத்துல வச்சா ஒரு பக்கம் அடி பிடிக்கி. செம்புன்னா சூடு ஒண்ணுபோல ஏறும்."

பரணைக் காட்டினார். மாமியாருடைய செம்புத் தேக்சா, பழைய போர்வையில் சுற்றிக் கட்டி இருந்தது. நாலு கிலோ அரிசி பிடிக்குமாம். உள்ளே ஈயம் போய்விட்டது. "தயிரும் எலுமிச்சம்பழமும் பட்டா களிம்பு பிடிக்கும். முன்னாடி தெருவுல ஈயம் பூசுதவர் வருவார். இப்ப ஆருமில்ல."

அங்கேயே கேட்டுவிட்டேன். "நான் பூசிக் கொண்டுவரட்டுமா டீச்சர்?"

உடனே பதில் வரவில்லை. பயற்றை இறக்கி வைத்தார். இரவல் கூடக் கொடுக்காத பாத்திரம் அது என்று அக்கா அப்புறம் சொன்னார். கடைசியில், "மாத்திக் குடுத்துருவான். விளிம்புல பேரு வெட்டியிருக்கு, பாத்து வாங்கு" என்றார்.

டிசம்பர் 15, ஞாயிறு

வியாழனும் வெள்ளியும் மழை கொட்டியது. ஆற்றில் மறுபடியும் வெள்ளம். வெள்ளி இரவு நான் தூங்கவில்லை. தேக்சா என் கட்டிலுக்கு மேலே, ஸ்லாபில் இருந்தது.

இன்று டவுனில் ரத வீதிப் பக்கம் பாத்திரக் கடைகளில் விசாரித்தேன். மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நாலாவது கடைக்காரர் ஒரு சந்துப் பக்கம் கை காட்டி, அங்கே ஓர் அண்ணாச்சி இருக்கிறார் என்றார். போனால் பட்டறை ஈரம், கரியெல்லாம் நனைந்திருந்தது. சனிக்கிழமை வரச் சொன்னார்.

டிசம்பர் 21, சனி

பெயரைப் பார்த்து வாங்கிக்கொண்டு உடனே வந்திருக்கலாம். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை பக்கத்திலேயே நின்றேன்.

புளியும் மணலும் போட்டு உட்புறத்தைத் தேய்த்து, பழைய கறுப்பெல்லாம் போய்ச் செம்பு ரோஜா நிறத்துக்கு வந்தது. அப்புறம் கரி அடுப்பு. முன்பு துருத்தி, இப்போது சின்ன மின்விசிறி. பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் நவச்சாரத் தூளைத் தூவினார். வெள்ளைப் புகை கிளம்பி மூக்கில் ஏறியது. ஈயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்தார், அது பால் போல உருகி ஓடியது. பஞ்சை வைத்து அடியிலிருந்து விளிம்புவரை ஒரே வேகத்தில் சுற்றினார். நின்றால் அந்த இடம் திட்டாகிவிடுமாம். கை போன வழியெல்லாம் வெள்ளி மாதிரி ஆனது. தண்ணீரில் முக்கி எடுத்தபோது என் முகம் தெரிந்தது.

வெள்ளீயம்தானே என்று இரண்டு தடவை கேட்டேன். காரீயம் கலந்தால் சாப்பாட்டில் விஷம். அவர் கோபப்படவில்லை. "கேக்கணும் தாயி, கேக்காம வாங்கக்கூடாது" என்றார். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடக் கூடாது, கம்பி நார் போட்டுத் தேய்க்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கூலியும் ஈயமும் சேர்ந்து, சேலைக்கு என்று நான் முதலில் எடுத்துவைத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாலு கிலோ சீரகச் சம்பா கட்டி உள்ளே வைத்துக் கொண்டுபோனேன்.

டீச்சர் காலை ஆராதனை முடிந்து ஊசிக்கோபுரம் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார். "பழைய அரிசியா?" ஒரு வருஷப் பழசு என்றேன். தேக்சாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்ளே விரலை ஓட்டினார். விளிம்பைத் திருப்பி மாமியார் பெயரின் எழுத்துகளைத் தடவினார்.

"கைப்பிடிக்குக் கீழ கொஞ்சம் மெல்லிசா இருக்கு."

நானும் பார்த்தேன், இருந்தது. அடுத்த தடவை அண்ணாச்சியிடம் சொல்கிறேன் என்றேன். அரிசியை டின்னில் கொட்டினார். தேக்சாவைப் பரணுக்கு ஏற்றவில்லை. அடுப்பங்கரை மேடையில் வைத்தார்.

டிசம்பர் 25, புதன்

பதினெட்டுப் பேர். விடியற்காலை ஆராதனைக்குப் போய்வந்து, எட்டு மணிக்கே பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டியிருந்தார். தம் உடைத்தபோது வந்த மணத்துக்குப் பிள்ளைகள் எல்லாம் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். அடி பிடிக்கவே இல்லை. என்னைப் பற்றி யாரிடமும் டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. என் இலையில் மட்டும் கேட்காமலேயே இரண்டாம் தடவை கறியாகப் பார்த்து வைத்தார்.

சாப்பாடு முடிந்து மருமகள் தேக்சாவைக் குழாயடிக்கு எடுத்துப் போனார். தாழ்வாரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த டீச்சர் சட்டென்று எழுந்தார்.

"ஏட்டி, அதுல கம்பி போடாத!"

முட்டு வலியோடு போய், பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பழைய துணியால், சுற்றிச் சுற்றி அவரே துடைக்க ஆரம்பித்தார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.